வலைப்பூ எழுதும் சாதாரண ஆள் ஊடக முகமாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு வருடங்களாக விட்டு விட்டு வலைப்பூ எழுதுகிறேன். அப்பாவுக்குக் காது கேட்காமல் போனபோது தொடங்கியது. காது மிஷின்களைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதுவேன். நடுவில் ஐந்து வருடம் ஒரு தொலைக்காட்சியின் விவாத நிகழ்ச்சியில் வேலை பார்த்தேன். அன்றைய தலைப்புக்குப் பேச ஆள் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமும் இருந்து பார்த்திருக்கிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

உண்மையிலேயே ஒரு சாதாரண ஆள் வலைப்பூவால் ஊடகத்தில் பெயர் வாங்க முடியுமா? இல்லை, நாலைந்து பேருக்கு அடித்த அதிர்ஷ்டமா?

முடியும். அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை.

எலியட் ஹிக்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் வசித்தவர். பத்திரிகை அனுபவம் இல்லை, ராணுவத்தில் இருந்ததில்லை, அரபி தெரியாது. 2012 மார்ச்சில் 'பிரவுன் மோசஸ்' என்ற பெயரில் வலைப்பூ தொடங்கினார். சிரியப் போர்க்களத்திலிருந்து யூடியூபில் ஏறிக்கொண்டிருந்த காணொளிகளை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காட்சியில் கிடக்கும் குண்டு எந்த வகை, ராக்கெட்டின் வால் எப்படி இருக்கிறது, பின்னால் தெரியும் கட்டடம் செயற்கைக்கோள் படத்தில் எங்கே இருக்கிறது என்று பொறுமையாக ஒப்பிட்டு எழுதினார். பழைய யுகோஸ்லாவிய ஆயுதங்கள் சிரியாவுக்குள் வந்திருப்பதை 2013இல் அவர் இப்படித்தான் கவனித்தார். பெரிய நாளிதழ்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தியாக்கின. 2014 ஜூலையில் 'பெல்லிங்கேட்' என்ற புலனாய்வுத் தளத்தைத் தொடங்கினார். அதே மாதம் 17ஆம் தேதி கிழக்கு உக்ரைனில் மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டது. ஏவுகணை வண்டி எந்தச் சாலை வழியாக வந்தது என்று பொதுவெளியில் கிடைத்த படங்களை வைத்தே அவர்கள் தேடிக் கண்டுபிடித்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

ஜூலி பவல் நியூயார்க்கில் ஒரு அலுவலகத்தில் செயலாளர் வேலையில் இருந்தவர். ஒரு பிரெஞ்சு சமையல் நூலில் உள்ள 524 குறிப்புகளையும் 365 நாளில் செய்து முடிப்பதாகச் சொல்லி, 2002 ஆகஸ்டில் வலைப்பூ எழுதத் தொடங்கினார். கருகியது, கெட்டுப்போனது, அழுதது எல்லாமே அதில் இருந்தன. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியது. 2005இல் அது புத்தகம், 2009இல் திரைப்படம்.

நேட் சில்வர் 2008 மார்ச்சில் தேர்தல் கணிப்புக்காக 'ஃபைவ் தர்ட்டி எய்ட்' தொடங்கியபோது தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்த வருட அமெரிக்க அதிபர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49இன் முடிவைச் சரியாகச் சொன்னார். 2010இல் அவருடைய தளம் நியூயார்க் டைம்ஸுக்குள் போனது. ஆனால் அவர் அதற்கு முன்பே பேஸ்பால் புள்ளிவிவரங்களில் பெயர் எடுத்தவர், முழுக்க முழுக்கப் புதியவர் என்று சொல்ல முடியாது.

இந்த மூன்று பேரும் எல்லாவற்றைப் பற்றியும் எழுதவில்லை என்பதைப் பாருங்கள். ஒரே விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் எழுதியதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிந்தது. வாசகர்கள் குறைவாக இருந்த காலத்திலும் விடாமல் எழுதினார்கள்.

ஊடகங்கள் ஒரு பதிவரை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

நான் இருந்த நாற்காலியிலிருந்து சொல்கிறேன். மதியம் மூன்று மணிக்குத் தலைப்பு முடிவாகும். எட்டு மணிக்கு நேரலை. இடையில் உள்ள ஐந்து மணி நேரத்தில் விஷயம் தெரிந்த, பேச வருகிற, அன்று இரவு சும்மா இருக்கிற நான்கு பேரைப் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் தலைப்பு, அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த ஒரு லிஃப்ட் விபத்து. எங்கள் பட்டியலில் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருந்தார்கள். லிஃப்டைக் கழற்றிப் பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. 'லிஃப்ட் கயிறு அறுந்தால் என்ன ஆகும்' என்று தேடினேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு வலைப்பூ வந்தது. ஒரு அலங்காரமும் இல்லாத டெம்ப்ளேட். எழுதியவர் இருபது வருடத்துக்கு மேல் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். மூன்று வருடத்தில் எண்பது இடுகைகள்.

ஒரு இடுகையில், தேய்ந்துபோன இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் படம் எடுத்திருந்தார், தடிமன் தெரிவதற்காக. அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இழைகளை எண்ணி, எத்தனை இழை போனால் கயிற்றை மாற்ற வேண்டும் என்று விளக்கியிருந்தார். அடுத்த இடுகையில், கயிறு அறுந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் ஒரு பெட்டிக்குப் பல கயிறுகள் இருக்கும், பெட்டி அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் பக்கத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் ஒன்றும் இருக்கிறது, கதவு திறந்தும் பெட்டி வராமல் இருப்பதுதான் நிஜமான ஆபத்து, காலை வைக்கும் முன் கீழே பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

பத்து நிமிடத்தில் நான்கு இடுகைகள் படித்தேன். இந்த ஆளுக்கு விஷயம் தெரியும், தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் வருகிறது. இதெல்லாம் விபத்துக்கு முன்பே எழுதப்பட்டது என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. செய்தி வந்த பிறகு கருத்து சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். செய்தி வராத நாளில் அதே விஷயத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறவரை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். 'என்னைப் பற்றி' பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியும், 'ஆறு மணிக்கு மேல் பேசலாம்' என்ற வரியும் இருந்தன. அவ்வளவுதான், அழைத்துவிட்டேன்.

அடுத்த நாள் ஒரு நாளிதழ் என்னிடம் அவருடைய எண்ணைக் கேட்டது. அடுத்த வாரம் ஒரு வானொலி. ஊடகக்காரர்கள் ஆள் தேடும்போது இன்னொரு ஊடகத்தில் யார் பேசினார் என்று முதலில் பார்ப்போம். முதல் கதவு திறந்தால் மற்றவை வரிசையாகத் திறப்பதற்கு அதுதான் காரணம். ஒரு வருடத்துக்குள் அவர் கட்டடப் பாதுகாப்பு பற்றி ஒரு பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். லிஃப்ட் வேலையை விடவில்லை.

இதிலிருந்து உடனே செய்துகொள்ளக் கூடியது ஒன்று: தொடர்பு கொள்ள ஒரு வழி வைத்திருங்கள். அருமையான வலைப்பூக்களைக் கண்டுபிடித்தும், எழுதியவரை எட்ட வழியில்லாமல் விட்ட நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

எனக்கு எந்தத் துறையிலும் நிபுணத்துவம் கிடையாதே. எதைப் பற்றி எழுதுவது?

மற்றவர்கள் உங்களிடம் திரும்பத் திரும்ப வந்து கேட்கும் விஷயம் ஏதாவது இருக்கும். எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, குழந்தை இரவில் தூங்க மாட்டேன் என்றால் என்ன செய்வது, பழைய கேமராவில் பூஞ்சை பிடித்தால் எப்படித் துடைப்பது, எதுவாகவும் இருக்கலாம். அதுதான் உங்கள் துறை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டவருக்குத் தெரிந்த பல விஷயங்கள் மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வயதுகூடத் தடை இல்லை. ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2012இல் தன் பள்ளி மதிய உணவைப் படம் எடுத்து எழுதினாள். பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய் சாப்பிட முடிந்தது, உணவில் முடி கிடந்ததா என்று தினமும் ஒரே மாதிரி குறித்து வைத்தாள். உள்ளாட்சி நிர்வாகம் படம் எடுக்கத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் தடையை விலக்கிக்கொண்டது. அவள் ஆதரித்த தொண்டு நிறுவனத்துக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. அவள் சமையல் நிபுணர் இல்லை. தன் தட்டில் இருந்ததை ஒளிக்காமல் எழுதினாள், அவ்வளவுதான்.

எவ்வளவு குறுக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. 'உடல்நலம்' என்று தொடங்காதீர்கள், கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். 'சர்க்கரை நோயாளியின் கால் பராமரிப்பு' என்று தொடங்கினால், அந்தத் தலைப்பு செய்திக்கு வரும் நாளில் உங்களை விட்டால் ஆள் இருக்காது.

எனக்கு அழகாக எழுத வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. நாங்கள் தேடியது விஷயத்தை. வாக்கியம் குட்டையாக இருக்கட்டும், பத்தி பிரித்து எழுதுங்கள், பதிவேற்றும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தைத் திருத்துங்கள். போகப் போக நடை தானாக வரும்.

இப்போது எல்லோரும் காணொளிதானே பார்க்கிறார்கள்? வலைப்பூவின் காலம் முடிந்துவிட்டதே?

இந்தக் கேள்விக்கு ஆற அமரப் பதில் சொல்ல வேண்டும்.

'வெப்லாக்' என்ற சொல்லை ஜார்ன் பார்கர் 1997 டிசம்பரில் பயன்படுத்தினார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக உடைத்து 'பிளாக்' ஆக்கினார். அதே வருடம் ஆகஸ்டில் பிளாக்கர் சேவை வந்தது. கணினி மொழி தெரியாதவரும் எழுதிப் பொத்தானை அழுத்தினால் உலகத்துக்குத் தெரியும் என்றானது. 2003இல் கூகுள் பிளாக்கரை வாங்கியது, வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பூ மென்பொருள் வெளியானதும் அதே வருடம். அந்த நாட்களின் பரபரப்பு இப்போது இல்லை என்பது உண்மைதான். பல வலைப்பூக்களின் புது இடுகைகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டியைத் திறந்து வரிசையாக இடுகைகளைப் படித்து, எல்லாவற்றுக்கும் பின்னூட்டம் போட்ட காலம் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஈரானில் வலைப்பதிவு பரவக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான ஹுசைன் தெரக்ஷான் எழுத்துக்காக ஆறு வருடம் சிறையில் இருந்தார். 2014இல் வெளியே வந்தபோது அவர் விட்டுப்போன இணையமே இல்லை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக உதவிய சுட்டிகள் மதிப்பிழந்து, எல்லோரும் ஒரே சமூக ஊடக ஓடையில் நீந்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை மனதைக் கலக்கியது.

ஆனால் ஆள் தேடுகிறவர் கண்ணால் பாருங்கள். காணொளியில் இருபது நிமிடம் ஒருவர் பேசினால் எனக்கு வேண்டிய ஒரு வரி எங்கே இருக்கிறது என்று தெரியாது. எழுத்தில் பத்து விநாடியில் கண்டுபிடிப்பேன், அப்படியே எடுத்து மேற்கோள் காட்டுவேன். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய இடுகை தேடினால் கிடைக்கும். ஐந்து வருடத்துக்கு முன் போட்ட முகநூல் நிலைத்தகவலை எழுதியவரே தேடிப் பிடிப்பது கஷ்டம். காணொளி செய்ய வருமா, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு காணொளிக்கும் அடியில் எழுத்து வடிவம் ஒன்று உங்கள் சொந்த இடத்தில் இருக்கட்டும். முடிந்தால் சொந்த டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி, வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை பேக்கப் எடுங்கள். சேவை மூடப்பட்டு, எழுதியதெல்லாம் போய், அழாத குறையாக என்னிடம் பேசியவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

எனக்குத் தெரிந்தவர்களில் பலருக்கு ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம். பலருக்கு அழைப்பு வராமலே போகலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒன்று எழுதினால் வருடத்துக்கு ஐம்பது இடுகை. அந்த அளவுக்கு இருந்தால் வந்து பார்க்கிறவருக்கு நம்பிக்கை வரும். ஒரே மாதத்தில் முப்பது எழுதிவிட்டு அப்புறம் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

சொந்தப் பெயரில் எழுதுவதா, புனைபெயரிலா?

எழுதுவதால் உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து இல்லை என்றால் சொந்தப் பெயர். ஊடகத்துக்குப் பெயரும் முகமும் தேவை. திரையில் வரும் பெயர்ப்பட்டையில் புனைபெயரைப் போட்டால் நேயர்கள் நம்பத் தயங்குவார்கள்.

ஆபத்து இருந்தால் புனைபெயர்தான். 2009 ஜனவரியில் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பெண்கள் பள்ளிகளைத் தாலிபான்கள் மூடச் சொன்னபோது, பதினொரு வயது மலாலா யூசுஃப்சாய் 'குல் மகாய்' என்ற பெயரில் பிபிசி உருது தளத்துக்கு நாட்குறிப்பு எழுதினார். பிறகு அவர் யார் என்று தெரிந்துபோனது. 2012 அக்டோபரில் சுடப்பட்டார். பிழைத்து, 2014இல் பதினேழு வயதில் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். ஒரு நாட்குறிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதும், அதற்கு என்ன விலை கொடுக்க நேரலாம் என்பதும் அவர் ஒருவர் வாழ்க்கையிலேயே இருக்கின்றன.

புனைபெயர் நிரந்தரமான முகமூடி இல்லை. இங்கிலாந்தில் 'நைட் ஜாக்' என்ற பெயரில் எழுதிய ஒரு காவல்துறைத் துப்பறிவாளர் 2009இல் வலைப்பூவுக்கான ஆர்வெல் பரிசு வாங்கினார். அதே வருடம் ஒரு நாளிதழ் அவர் பெயரை வெளியிடக் கிளம்பியது. தடுக்கச் சொல்லி நீதிமன்றம் போனார். வலைப்பூ எழுதுவது பொதுவெளிச் செயல், அதில் அடையாளத்தை மறைக்கும் உரிமையை எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. வலைப்பூவே மூடப்பட்டது. நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்துதான் அடையாளத்தைக் கண்டுபிடித்தார் என்பது பின்னால்தான் தெரிய வந்தது. என்றாவது ஒரு நாள் பெயர் வெளியே வரும் என்று நினைத்தே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி எழுதலாமா?

வேலையைப் பற்றி எழுதலாம். உடன் வேலை பார்க்கிறவர்களைப் பற்றியும் மேலதிகாரியைப் பற்றியும் எழுதாதீர்கள். அமெரிக்காவின் ஹெதர் ஆம்ஸ்ட்ராங் அப்படி எழுதியதற்காக 2002இல் வேலை இழந்தார். அவருடைய தளத்தின் பெயர் 'டூஸ்'. வலைப்பூவால் வேலை போவதற்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. அவர் பிறகு தாய்மையைப் பற்றி எழுதி மிகப் பிரபலமானார் என்பது வேறு கதை. எல்லோருக்கும் அப்படி இரண்டாவது வாய்ப்பு வராது.

லிஃப்ட் மெக்கானிக் இதில் கெட்டிக்காரர். கட்டடத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர் எதையும் எழுத மாட்டார். கயிறும் கதவும் மட்டும்தான் படத்தில் இருக்கும்.

முதல் அழைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். நேரலையா, பதிவு செய்து ஒளிபரப்புவார்களா? எவ்வளவு நேரம்? என்னோடு வேறு யார் பேசுகிறார்கள்? என்ன தலைப்பு, என்னை என்னவென்று அறிமுகப்படுத்துவீர்கள்? இதையெல்லாம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். விவரமான ஆள் என்றுதான் நினைப்பார்கள். நான்கு கட்சிக்காரர்களுக்கு நடுவில் உங்களை உட்கார வைக்கிறார்கள் என்றால், மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமானது முதலில். எழுத்தில் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டு போகலாம், நேரலையில் அதற்கு நேரம் தர மாட்டார்கள். எங்கள் மெக்கானிக் முதல் நாள் லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். ஒரு நிமிடம் ஆவதற்குள் நெறியாளர் குறுக்கே புகுந்து அடுத்தவரிடம் போய்விட்டார். மறுபடி வாய்ப்பு வந்தபோது நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடம். 'கதவு திறந்தால் உடனே காலை வைக்காதீர்கள், பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்' என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரியைத்தான் அடுத்த நாள் எல்லோரும் பேசினார்கள்.

இரண்டாவது முறை வந்தபோது ஒரு துணிப்பையில் ஒரு முழம் பழைய லிஃப்ட் கயிறு கொண்டுவந்தார். கேள்வி வந்ததும் எடுத்து மேசை மேல் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு, இழை இழையாகப் பிரிந்து கிடந்தது. நெறியாளர் பேச்சை நிறுத்திவிட்டார், கேமரா கயிற்றிலேயே நின்றது. கையில் ஒரு பொருள் இருந்தால் பேச்சு பாதி சுலபம் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

தெரியாததைக் கேட்டால், 'அது எனக்குத் தெரியாது' என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் திரும்ப அழைப்பேன்.

தப்பாக எழுதிவிட்டால்?

ஒத்துக்கொண்டு, அதே இடத்தில், தேதி போட்டுத் திருத்துங்கள். சத்தம் போடாமல் அழிக்காதீர்கள்.

காது மிஷினில் போடும் சிறிய பேட்டரிகளின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்ததும் காற்று உள்ளே போய்த்தான் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். பயன்படுத்தாத நேரத்தில் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி வைத்தால் பேட்டரி நீடிக்கும் என்று நான் ஒரு முறை எழுதிவிட்டேன். ஒரு முறை காற்றுப் பட்டு வேதிவினை தொடங்கிவிட்டால் திரும்ப ஒட்டுவதில் பெரிய பலன் இல்லை என்று, செவித்திறன் சோதனை செய்யும் ஒருவர் பின்னூட்டத்தில் சொன்னார். எனக்கு முகம் சுருங்கித்தான் போனது. இருந்தாலும் தவறான வரியை அடித்துக் காட்டி, மேலே திருத்தம் போட்டு, சொன்னவருக்கு நன்றி எழுதினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு பத்திரிகையிலிருந்து அழைத்தார்கள். அந்தத் திருத்தத்தைப் படித்ததும்தான் உங்களை நம்பி அழைக்கத் தோன்றியது என்றார் அந்த நிருபர்.

திட்டுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

விஷயத்தைத் திட்டினால் பதில் சொல்லுங்கள், ஆளைத் திட்டினால் நீக்கிவிடுங்கள். மிரட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். பெண் பதிவர்களுக்கு இது பல மடங்கு அதிகமாக வருகிறது, கண்டுகொள்ளாதே என்று அவர்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டு முகவரி, குழந்தையின் பள்ளி, தினமும் போகும் வழி எதுவும் படங்களில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட நிற்க நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வருமா?

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சொற்பம். வலைப்பூவைப் பார்த்து வரும் வேலை, பேச்சு, பத்தி, புத்தகம், பயிற்சி வகுப்பு இவற்றில்தான் வரும். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றி எழுதினால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். விவாதங்களில் பேசுவதற்குப் பல இடங்களில் ஒன்றும் தர மாட்டார்கள். போக்குவரத்துச் செலவையாவது கேட்டு வாங்குங்கள்.

சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். பத்திரிகைக்கு உள்ள அவதூறுச் சட்டம் உங்களுக்கும் உண்டு. ஆனால் பத்திரிகைக்குப் பின்னால் வழக்கறிஞர் இருப்பார், உங்களுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருவர் மேல் குற்றம் சொல்லும் முன் ஆவணம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், அவர் தரப்பையும் கேட்டு எழுதுங்கள். மற்றவர் எடுத்த படத்தை அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

சில நாடுகளில் இது இதோடு நிற்பதில்லை. சவுதி அரேபியாவில் ரயிஃப் படாவி தன் வலைத்தளத்துக்காக 2012இல் கைதானார். 2014இல் பத்து வருடச் சிறையும் ஆயிரம் கசையடியும் என்று தீர்ப்பு. முதல் ஐம்பது அடி 2015 ஜனவரியில் பொது இடத்தில் கொடுக்கப்பட்டது. 2022இல்தான் சிறையிலிருந்து வந்தார். எங்கே உட்கார்ந்து எழுதுகிறோம் என்பதை யாரும் மறக்கக் கூடாது.

பிரபலமான பிறகு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எல்லாவற்றைப் பற்றியும் கருத்து கேட்பார்கள். பாலம் இடிந்தபோது ஒரு சேனல் எங்கள் மெக்கானிக்கை அழைத்தது. 'பாலத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?' என்று மறுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு கட்டுமானப் பொறியாளரின் எண்ணைக் கொடுத்தார். இப்படி மறுக்கத் தெரியாமல் எல்லாத் தலைப்பிலும் உட்கார்ந்து, ஒரே வருடத்தில் மதிப்பிழந்த நல்ல பதிவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அழைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்கு இதில் குற்ற உணர்வு உண்டு.

இன்னொன்று, வலைப்பூவை விட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சியில் முகம் வரத் தொடங்கியதும் பலர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது, பழைய நான்கு வரிகளையே திரும்பச் சொல்வார்கள். அப்புறம் நாங்கள் வேறு ஆளைத் தேடப் போய்விடுவோம்.

இன்றைக்கே தொடங்கினால் முதல் இடுகை எதுவாக இருக்கட்டும்?

'வணக்கம், இது என் வலைப்பூ' என்று எழுதாதீர்கள். கடைசியாக யாரோ உங்களிடம் வந்து கேட்ட ஒரு கேள்வியைத் தலைப்பாகப் போட்டு, அவருக்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதுங்கள். ஒரு படம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்களே எடுத்ததாக இருக்கட்டும்.

மெக்கானிக்கின் முதல் இடுகையைப் பிறகு ஒரு நாள் தேடிப் படித்தேன். 'லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கதவை நெம்பித் திறக்கலாமா?' என்பது தலைப்பு. கூடாது, அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுத் தரையில் உட்காருங்கள், உள்ளே காற்று வரும், மூச்சு முட்டாது, ஆள் வந்து இறக்கும் வரை வெளியே ஏற முயலாதீர்கள். மொத்தமே ஒன்பது வரி. அடியில் ஒரே ஒரு பின்னூட்டம்: 'நன்றி அண்ணா, எங்கள் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன்.'